வெயிலூரில் கெக்கோ வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரை வெயிலூர் என்று சொல்லிச் சிரிப்பது நமக்குப் பழகிப்போனது. ஒரு கெக்கோவை வீட்டில் வைத்த பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கெக்கோ வளர்ப்பைப் பற்றிக் கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்றே பக்கம் பக்கமாக இருக்கும். எப்படிக் குளிரவைப்பது என்று இரண்டு வரி இருந்தால் அதிசயம். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கெக்கோ 'கருப்பட்டி'யைப் பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, இந்த ஊர் வெயிலை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

கெக்கோ என்றால் சுவரில் ஓடுகிற பல்லிதானே? அதைப் போய்க் காசு கொடுத்து வாங்குவார்களா?

சொந்தக்காரர்தான், ஆனால் குணம் வேறு. சுவர்ப் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். விரலடியில் ஒட்டும் பட்டை இருப்பதால் உத்தரத்தில் தலைகீழாகப் போகும். கருப்பட்டி ஆப்பிரிக்கக் கொழுத்தவால் கெக்கோ. சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. இதற்கு இமை உண்டு, பகலில் கண்ணை மூடித் தூங்கும். விரலில் பட்டை இல்லாததால் கண்ணாடியில் ஏறத் தெரியாது. தரையிலேயே நடக்கும், அதுவும் அவசரமில்லாமல். முழுசாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடலாம்.

எந்த வகையை வாங்கலாம்?

எல்லாரும் கேட்பது லெப்பர்ட் கெக்கோவைத்தான். மஞ்சள் உடம்பு, கரும்புள்ளி, பார்க்க அழகு. உலகத்தில் அதிகம் வளர்க்கப்படும் கெக்கோவும் அதுதான். ஆனால் அது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானோடு நம் நாட்டின் வடமேற்கிலும் காட்டில் வாழ்கிற பிராணி. அதனால் 'வெளிநாட்டுச் செல்லப்பிராணி, சட்டம் எதுவும் கிடையாது சார்' என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் பிராணிகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-இல் விதிகளும் வந்துவிட்டன. எந்த வகையாக இருந்தாலும் அதன் அறிவியல் பெயரைக் கேட்டு வாங்கி, மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் விசாரித்துவிட்டு, ரசீதோடு வாங்குங்கள். ரசீது தரமாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

கிரெஸ்டட் கெக்கோ வேலூருக்கு வேண்டவே வேண்டாம். நியூ கலிடோனியாத் தீவுக்காரர் அது. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்ததை 1994-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். 22 முதல் 26 டிகிரிதான் அதற்குச் சுகம். 28-ஐத் தாண்டினாலே வாட ஆரம்பிக்கும். நமக்கு மே மாதத்தில் நடுராத்திரியே 28 இருக்கும். வருஷத்தில் ஏழெட்டு மாதம் அதற்காக ஏசி போட முடியுமா என்று யோசியுங்கள்.

மலைப்பக்கம் மஞ்சளாக ஒரு பல்லி பார்த்தேன். பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. நீங்கள் பார்த்தது பொன்பல்லியாக இருக்கலாம். 1870-இல் பெடோம் என்பவர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இனம். திருப்பதி மலை தொடங்கி நம் வேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் வரை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறை இடுக்குகளில் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி தங்கம் தேய்த்த மாதிரி மின்னும். சட்டப் பாதுகாப்பு உள்ள பிராணி. பிடிப்பது குற்றம். வெளியிலிருந்து பார்த்தால் மொட்டைப் பாறை என்று நாம் நினைக்கிற மலைக்குள் இப்படி ஒன்று வாழ்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுங்கள்.

பெரிய பல்லிக்கு லட்சக்கணக்கில் விலை என்று வாட்ஸாப்பில் வருகிறதே?

டோக்கே கெக்கோ என்ற இனத்தை வைத்துக் கிளப்பிய கதை அது. அதில் எய்ட்ஸுக்கு மருந்து இருக்கிறது என்ற பொய்யால் வடகிழக்கு மாநிலங்களில் நிறையப் பேர் அதைப் பிடித்துக் கடத்தி, மாட்டியிருக்கிறார்கள். மருந்தும் இல்லை, லட்சமும் இல்லை. அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருந்தாலே போதும்.

தொட்டி எப்படி இருக்க வேண்டும்?

மீன் தொட்டி செய்து தருகிற கடையிலேயே சொல்லிச் செய்யலாம். ஒரு கெக்கோவுக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம் நல்ல அளவு. உயரம் ஓரடி போதும், ஏறப்போவதில்லை. மேலே கம்பிவலை மூடி. சூடான பக்கம் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரமான மறைவிடம் ஒன்று. இந்த மூன்றும் கட்டாயம். ஒளிய இடமில்லாத கெக்கோ சாப்பிடாது. கவிழ்க்க முடியாத, ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம் ஒன்றும் வையுங்கள்.

மறைவிடத்துக்கு நான் வைத்திருப்பது வாய்ப்பக்கம் உடைந்த மண்சட்டி. உடைந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் குகை தயார். கரிகிரிச் சட்டி பார்க்க அழகுதான், ஆனால் அந்தப் பளபளப்புப் பூச்சு தண்ணீர் குடிக்காது. குயவர் செய்கிற சாதாரணச் சட்டியை நனைத்து வைத்தால் உள்ளே ஈரமும் இருக்கும், குளிர்ச்சியும் இருக்கும்.

கீழே மணல் போடலாமா? பாலைவனப் பிராணிதானே?

வேண்டாம். பூச்சியோடு சேர்த்து மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். கொழுத்தவால் பாலைவனப் பிராணியும் இல்லை. முதல் ஒரு மாதம் செய்தித்தாள் போடுங்கள், கழிவு எப்படி இருக்கிறது என்று பார்க்க வசதி. அப்புறம் தரைக்குப் போடுகிற சொரசொரப்பான டைல்ஸ். துடைக்க எளிது, வெயில் காலத்தில் வயிற்றுக்கும் குளிர்ச்சி.

ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சாரச் சூட்டு விரிப்பு) கட்டாயம் வாங்க வேண்டுமா?

வாங்குங்கள், ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாள்கூடப் போடாதீர்கள். கெக்கோவுக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. சூடான இடத்தில் படுத்துத்தான் தின்றதைச் செரிக்கும். சூட்டுப் பக்கத்துத் தரை 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24 முதல் 27 என்பது கணக்கு. மார்கழி, தை மாத விடியற்காலையில் இங்கே 18 டிகிரி வரை இறங்குகிற நாட்கள் உண்டு. அப்போது மேட் இல்லாவிட்டால் தின்ற பூச்சி வயிற்றில் அப்படியே கிடக்கும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் அது அணைந்தே இருக்கும். எங்கள் வீட்டில் பங்குனி பிறந்ததும் பிளக்கைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவோம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்தது என் முட்டாள்தனத்தால். முதல் வருஷம், 'மேட் இருபத்துநாலு மணி நேரமும் எரிய வேண்டும்' என்று எங்கேயோ படித்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மே மாதம், மதியம் மூன்று மணி. கருப்பட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்து வாயைத் திறந்தபடி கிடந்தது. தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரில் 37.4. கீழே கையை விட்டுப் பார்த்தால் மேட் கொதிக்கிறது. நான் பதறிக்கொண்டு நிற்க, எங்கள் ஆயா (பாட்டி) தண்ணீர்ப் பானையில் சுற்றியிருந்த ஈரத்துணியை அவிழ்த்துக்கொண்டு வந்து தொட்டியின் வலைமேல் போட்டார். "பானைக்குக் கட்டறத இதுக்கும் கட்டுடா, இதுல என்ன யோசனை?" என்றார். அரை மணி நேரத்தில் 33-க்கு இறங்கியது. கருப்பட்டி வாயை மூடிக்கொண்டு சட்டிக்குள் போனது.

சரி, அக்னி நட்சத்திரத்தை எப்படித் தாண்டுவது?

ஆயாவின் துணிதான் அடிப்படை. வேலூர் மே மாத மதியக் காற்று காய்ந்த காற்று. ஈரத்துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். வலைமூடியில் பாதியை மட்டும் மூடுங்கள், முழுவதும் மூடினால் உள்ளே புழுங்கும். அறை மின்விசிறி ஓடட்டும். டேபிள் ஃபேனை நேராகத் தொட்டி மேல் திருப்ப வேண்டாம். மழைக்காலத்தில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது துணி காயாது, காயாத துணி குளிர்விக்காது.

தொட்டி எங்கே இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். மொட்டை மாடிக்குக் கீழ் அறை ஆகாது. பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரி பத்து மணி வரைக்கும் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தரைத்தளத்தில், வெளிச்சுவர் வெயில் படாத அறையில், அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரே அறைக்குள் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தது. ஜன்னலோர வெயில் கண்ணாடித் தொட்டிக்குள் விழவே கூடாது. நிறுத்திவைத்த காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் போனால்? ஃப்ரீசரில் எப்போதும் இரண்டு பாட்டில் தண்ணீர் உறையவைத்திருங்கள். ஒன்றைத் துண்டில் சுற்றிக் குளிர்ந்த பக்கத்துக் கண்ணாடியை ஒட்டி வெளியே வையுங்கள். வேண்டுமென்றால் கெக்கோ நெருங்கி வரும், வேண்டாமென்றால் விலகிப் போகும். பனிக்கட்டியை உள்ளே போடுவது, குளிர்ந்த தண்ணீரில் முக்குவது எல்லாம் வேண்டாம். குளிர்ந்த பக்கமே 34-ஐத் தாண்டினால் கவலைப்படுங்கள். 38-க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், இரண்டு வாங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள். அழகுக்கு வாங்கும் பிளாஸ்டிக் செடியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.

என்ன சாப்பிடும்? தயிர் சாதம், பழம்?

உயிருள்ள பூச்சி மட்டும்தான். சுவர்க்கோழி, மீல்வார்ம் என்ற புழு, வளர்ப்புக் கரப்பான். பூச்சியின் அகலம் கெக்கோவின் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்த பிறகு. கால் மணி நேரத்தில் தின்னாத பூச்சியை எடுத்துவிடுங்கள். தூங்குகிற கெக்கோவைச் சுவர்க்கோழி கடித்து வைக்கும்.

மீல்வார்மை வீட்டிலேயே வளர்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் டப்பா, இரண்டு அங்குலம் கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு. புழு கூட்டுப்புழுவாகி, கருவண்டாகி, முட்டையிட்டு மறுபடி புழுவாகும். நம் ஊர்ச் சூட்டில் இது வேகமாகவே நடக்கும். கொடுப்பதற்கு முந்தின நாள் புழுவுக்கு முருங்கைக்கீரை போடுங்கள். புழு தின்றது கெக்கோவுக்கும் போய்ச் சேரும்.

கால்சியம் பொடியை மறந்துவிடாதீர்கள். பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஒரு டம்ளரில் புழுவைப் போட்டுச் சிட்டிகைப் பொடி தூவி ஒரு குலுக்குக் குலுக்கினால் விபூதி பூசிய மாதிரி வரும், அப்படியே கொடுங்கள். டி3 வைட்டமின் கலந்த பொடியை அளவாகப் பயன்படுத்த வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டப்பாவில் பார்த்து, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியம் இல்லாத கெக்கோவுக்குத் தாடை ரப்பர் போல் ஆகிவிடும், கால் வளையும். வளைந்த எலும்பு திரும்ப நேராகாது.

வீட்டுக் கரப்பான், ஈசல், வெளியில் பிடித்த பூச்சி கொடுக்கலாமா?

வீட்டுக் கரப்பான் எந்த வீட்டில் என்ன மருந்து தின்றுவிட்டு வந்ததோ! ஈசல் மழை நாளில் இலவசமாகக் கிடைக்கும்; எனக்கும் ஆசைதான், ஆனாலும் கொடுப்பதில்லை. மின்மினியை மட்டும் விளையாட்டுக்கும் கொடுக்காதீர்கள். அதில் உள்ள விஷம் பல்லி இனத்தைக் கொன்றுவிடும், ஒன்றே போதும்.

தொட்டியில் எறும்பு ஏறுகிறது. சாக்பீஸ் கோடு போடலாமா?

ஐயோ, வேண்டாம். அந்தச் சாக்பீஸில் பூச்சிக்கொல்லி இருக்கிறது. பாட்டி காலத்து வழிதான்: தொட்டி வைத்த ஸ்டாண்டின் நான்கு காலுக்கும் கீழே கிண்ணத்தில் தண்ணீர். பாலைக் காப்பாற்றியது கெக்கோவையும் காப்பாற்றும். கொசுவர்த்தி, திரவ மருந்து, கரப்பான் ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவர்கள் அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள்.

தோல் உரிக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

உடம்பு வெளுத்து, சாம்பல் பூசிய மாதிரி ஆனால் ஒன்றிரண்டு நாளில் உரிக்கப்போகிறது என்று அர்த்தம். தானே உரித்துத் தானே தின்றுவிடும், பயப்படாதீர்கள். ஈரச்சட்டிக்குள் நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் இருக்கட்டும். கொழுத்தவாலுக்குக் காற்றில் 50 முதல் 70 சதவீதம் ஈரம் வேண்டும். சித்திரை மதியத்தில் நம் ஊர்க் காற்று அதற்கு ரொம்பக் கீழே போய்விடும்.

உரித்து முடித்ததும் விரல்களைப் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. ஒருமுறை கருப்பட்டியின் பின்னங்கால் விரலில் வெள்ளை நூல் சுற்றிய மாதிரி ஒரு வளையம் தெரிந்தது. நூல் இல்லை, காய்ந்து இறுகிய பழைய தோல். விட்டிருந்தால் ரத்த ஓட்டம் நின்று விரலே போயிருக்கும். மூடியில் துளை போட்ட டப்பாவில் விரல் மூழ்குகிற அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் உட்காரவைத்தேன். பிறகு ஈரமான காது குடையும் பஞ்சால் நகத்தின் பக்கம் மெல்லத் தள்ளத் தள்ள, மோதிரம் கழல்கிற மாதிரி வந்தது. வராவிட்டால் இழுக்கக் கூடாது, மறுநாள் மறுபடி ஊறவைக்க வேண்டும்.

வாலைத் தொட்டால் கழன்று விழுமா?

பயந்தால் கழற்றிவிடும். மறுபடி வளரும், ஆனால் உருண்டையாக, பழைய அழகு வராது. அந்த வாலில்தான் கொழுப்பைச் சேமிக்கிறது; பஞ்சகாலத்துக் குதிர் மாதிரி. வால் மெலிந்தால் தீனி போதவில்லை, இல்லாவிட்டால் உள்ளே ஏதோ நோய் என்று அர்த்தம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில், அதற்கென்று தனிக் கிண்ணம் வைத்து எடை பாருங்கள். தூக்கும்போது வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுங்கள். வந்த முதல் இரண்டு வாரம் தூக்கவே வேண்டாம்.

விஷம் உண்டா? வீட்டில் குழந்தை இருக்கிறதே?

விஷம் கிடையாது. சுவர்ப் பல்லிக்கும் கிடையாது. பல்லி விழுந்த பாலால் வாந்தி வருவது கிருமியால். சால்மோனெல்லா என்ற கிருமி ஊர்வனவற்றின் குடலில் சாதாரணமாக இருக்கும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தொடாமல் பார்க்கட்டும், கர்ப்பிணிகளும் அப்படியே.

வீட்டுப் பெரியவர்கள் பல்லி பலன் சொல்லி எதிர்க்கிறார்களே?

எங்கள் வீட்டிலும் நடந்தது. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று காலண்டர் பின்பக்கத்தைக் காட்டினார்கள். இது சுவரே ஏறாது, எங்கிருந்து விழும் என்று கேட்டதும் ஆயா கொஞ்ச நேரம் யோசித்து, "விழாத பல்லிக்குப் பலனும் இல்ல, தோஷமும் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கிறோமே, அதையும் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். இப்போது சுவர்ப் பல்லி சொல்லும்போது தரையைத் தட்டுகிற ஆயா, கருப்பட்டி சுவர்க்கோழியைப் பிடிக்கும்போதும் தட்டுகிறார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

டாக்டர்?

வைத்தியத்துக்காக நாடெங்கும் இருந்து வேலூருக்கு வருகிறார்கள். கருப்பட்டிக்கு நான் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று கெக்கோ வாங்குவதற்கு முன்பே விசாரித்து, நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து சாப்பிடாமல் எடை குறைவது, வாயோரம் சீழ், கழிவில் ரத்தம், வாயைத் திறந்து மூச்சு விடுவது, இவற்றில் எதுவானாலும் காத்திருக்க வேண்டாம். கொண்டுபோகும்போது துளை போட்ட டப்பாவை ஈரத்துணியில் சுற்றிக் காலை முதல் ரயிலில் போங்கள்.

ஜோடியாக வைக்கலாமா?

ஒன்றே போதும். இரண்டு ஆண் என்றால் சண்டை. ஆணும் பெண்ணும் என்றால் முட்டைமேல் முட்டையாக இட்டுப் பெண் இளைத்துப்போகும். தனியாக இருப்பது அதற்கு வருத்தமில்லை.

நாலு நாள் ஊருக்குப் போகலாமா?

தை மாதத்தில் போகலாம். வளர்ந்த கெக்கோ தண்ணீர் இருந்தால் நாலைந்து நாள் தாங்கும். மே மாதத்தில் துணி நனைக்க ஆள் இல்லாமல் ஒரு பகல்கூட வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போனால் அமிர்தி காட்டில் விட்டுவிடலாமா?

விடக் கூடாது. பிழைத்தால் நம் பல்லிகளுக்கு நோயைக் கொடுக்கும், பிழைக்காவிட்டால் பாவம் நம்முடையது. இது 15 முதல் 20 வருஷம் வாழ்கிற பிராணி. பிளஸ் டூ பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவன் பெங்களூரில் வேலைக்குப் போய், கல்யாணமாகி, அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இருக்கும். அந்த இருபது வருஷமும் மே மாத மதியத்தில் துணியை நனைக்கப்போவது யார் என்பதை வாங்குகிற அன்றே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.